புது கன்சோல் எதற்கு: பெரிய எக்ஸ்க்ளூசிவுக்கா, சின்ன இண்டி கேமுக்கா?

கேள்வி கேட்டவர் ஓசூர்க்காரர். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, இரண்டு நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். சோனியின் பி.எஸ்.5 (பிளேஸ்டேஷன் 5) வாங்குவதா, நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வாங்குவதா என்ற குழப்பத்தோடு அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, கன்சோலுக்கு இவ்வளவு காசு கொடுப்பது அதில் மட்டும் வரும் பெரிய கேமுக்காகத்தானே? பெரிய கம்பெனி இல்லாமல் சின்ன டீம் செய்யும் இண்டி கேம் எல்லாம் லேப்டாப்பிலேயே ஓடும். ஆனால் புது கன்சோல் வந்தாலே எல்லோரும் இண்டி, இண்டி என்கிறார்கள். பெரிய கேம் இல்லாததை மூடி மறைக்கும் பேச்சா இது?"

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. நான் பெங்களூரில் ஒன்பது வருடம் கேம் ஆர்ட் ஸ்டுடியோக்களில் வேலை பார்த்தவன். வெளிநாட்டுப் பெரிய கேம்களுக்கு வேண்டிய வண்டி, கட்டடம், மேசை, நாற்காலி எல்லாம் இங்கே செய்து அனுப்புவோம். வீட்டுக்குப் போய் நான் விளையாடியதில் பெரும்பகுதி இண்டி கேம்தான். இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் பேச்சில் சரியான பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம். கன்சோலை விற்பது அதில் மட்டும் வரும் எக்ஸ்க்ளூசிவ்தான், அதில் சந்தேகமே இல்லை. 2017 மார்ச் 3 அன்று ஸ்விட்ச் வந்தது. அதே நாளில் செல்டாவின் 'பிரெத் ஆஃப் த வைல்ட்' வந்தது. அந்த மாதம் அமெரிக்காவில் விற்ற ஸ்விட்ச் ஏறக்குறைய 9 லட்சத்து 6 ஆயிரம். அதற்கான செல்டா பிரதிகள் 9 லட்சத்து 25 ஆயிரம். மெஷினைவிட கேம் அதிகம்! விளையாட ஒன்று, பிரிக்காமல் வைத்துக்கொள்ள ஒன்று என்று சிலர் இரண்டு வாங்கினார்கள்; மெஷின் கைக்கு வரும் முன்பே கேமை வாங்கி வைத்தவர்களும் இருந்தார்கள். ஒரு இண்டி கேமுக்காக இப்படிக் கடை வாசலில் கூட்டம் நின்று கன்சோல் விற்றதை நான் பார்த்ததில்லை.

ஆனால் செல்டாவை முடித்த பிறகு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். நூறு மணி நேரம் ஆடினாலும் ஒரு நாள் அது முடிந்துவிடும். அப்புறம் அடுத்த பெரிய கேமுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஸ்விட்சைக் கையில் வைத்திருந்தவர்கள் எதை ஆடினார்கள்? லான்ச் நாளிலேயே 'ஸ்னிப்பர்கிளிப்ஸ்' இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை ஒருவர் காகிதம் போலக் கத்தரித்து, வேண்டிய வடிவத்தை உண்டாக்கிப் புதிரை விடுவிக்கும் கேம். அக்டோபரில் 'ஸ்டார்டியூ வேலி' வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து படம், பாட்டு, புரோகிராம் எல்லாம் செய்தது. 2018 ஜனவரியில் 'செலஸ்ட்', ஜூனில் 'ஹாலோ நைட்'. ஸ்விட்ச் வைத்திருந்த என் நண்பர்கள் எல்லோரும் வாங்கியது செல்டாவுக்காக. இரண்டாவது வருடமும் அதைத் தூசி படியாமல் வைத்திருந்தது இந்தச் சின்ன கேம்கள்.

இதைவிடத் தெளிவான உதாரணம் 2013 நவம்பரில் வந்த பி.எஸ்.4. சோனி முன்னால் நிறுத்திய எக்ஸ்க்ளூசிவ்கள் இரண்டு: 'கில்ஸோன் ஷேடோ ஃபால்', 'நாக்'. பெரிய செலவு, பெரிய விளம்பரம். கூடவே ஹெல்சிங்கியில் இருக்கும் ஹவுஸ்மார்க் என்ற சின்ன ஸ்டுடியோ செய்த 'ரெஸோகன்' வந்தது. பி.எஸ். பிளஸ் சந்தா இருந்தால் அது இலவசம். மெட்டாகிரிட்டிக் தளத்தில் விமர்சகர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண்: நாக் 54, கில்ஸோன் 73, ரெஸோகன் 84.

ரெஸோகனை நான் முதலில் ஆடியது காக்ஸ் டவுனில் ஒரு நண்பன் வீட்டில். ஒரு பெரிய உருளையைச் சுற்றி உங்கள் விண்கலம் பறக்கும். எதிரி, கட்டடம், பாலம் எல்லாமே பொடிப்பொடிக் கனசதுரங்களால் ஆனவை. ஒன்றைச் சுட்டால் ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறி, ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக உருண்டு விழும். திரையில் அவ்வளவு நடந்தும் வேகம் துளி குறையாது. காப்பாற்ற வேண்டிய கடைசி மனிதர்களைப் பற்றிய அறிவிப்பு டிவியிலிருந்து வராது, உங்கள் கையில் இருக்கும் கன்ட்ரோலரின் ஸ்பீக்கரிலிருந்து வரும். பழைய ஆர்கேட் விளையாட்டுதான். ஆனால் அந்தப் புது மெஷினால் என்ன முடியும் என்பதை அன்றைக்கு அதுதான் எனக்குக் காட்டியது. கில்ஸோன் பார்க்க அழகாக இருந்தது. பழைய மெஷினில் ஆடிய கேம்தான் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வந்த மாதிரியும் இருந்தது.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு, இது மூடி மறைக்கும் பேச்சா என்பதற்கு, என் பதில்: பெரிய கேம் குறைவு என்பது உண்மை. லான்ச் சமயத்தில் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். அதற்குக் காரணம் யாருடைய சோம்பலும் இல்லை. ஒரு பெரிய கேம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் புரிந்துவிடும்.

நான் வேலை பார்த்த ஸ்டுடியோவுக்கு ஒரு தடவை ஒரு மளிகைக் கடையின் உள்பக்கம் வேலையாக வந்தது. நான்கு பேர், பதினொரு வாரம். அடுக்கில் இருக்கும் டின்களுக்கு லேபிள் வரைய வேண்டும். ஒரே டின்னில் புதுசு, ஓரம் நசுங்கியது, துருப்பிடித்தது என்று மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தில் பார்க்க ஒரு வடிவம், தூரம் போகப் போக எளிதாகும் இன்னும் மூன்று வடிவம். பில் போடும் மெஷினை முடித்து அனுப்பினேன். திரும்பி வந்த குறிப்பில் ஒரே வரி: அதிகம் அழுத்தப்படும் பட்டன்களில் எழுத்து தேய்ந்திருக்க வேண்டும். சரி என்று எங்கள் தெருமுனைக் கடைக்குப் போய் அங்கே இருந்த மெஷினைப் பார்த்தேன். பூஜ்யமும் ஐந்தும் கிட்டத்தட்ட அழிந்திருந்தன. மூன்று லேசாக மங்கியிருந்தது. அப்படியே செய்து அனுப்பினேன்.

கேம் வெளிவந்ததும் வாங்கி, அந்தக் கடை வரும் இடம் வரை ஆடினேன். கதாநாயகன் முன்கதவால் நுழைந்து பின்கதவால் வெளியேற ஆறு நொடி போதும். நான் ஓடாமல் நின்று கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பினேன். பூஜ்யமும் ஐந்தும் தேய்ந்திருந்தன.

இப்படி ஆயிரக்கணக்கான கடை, தெரு, முகம், ஆடை சேர்ந்தால்தான் ஒரு பெரிய கேம். இந்த வேலையில் கணிசமான பங்கு நம் ஊரில் நடக்கிறது. 1997-ல் தொடங்கிய த்ருவா இன்டராக்டிவ் பெங்களூர் ஸ்டுடியோ. வெளிநாட்டு கேம்களுக்கு வருடக்கணக்கில் ஆர்ட் வேலை செய்து பேர் வாங்கியது. 2019-ல் ஜி.டி.ஏ. கேம்களைச் செய்யும் ராக்ஸ்டார் அதை வாங்கியது. செலவுக் கணக்கைப் பொதுவாகக் கம்பெனிகள் வெளியே சொல்வதில்லை. 2023-ல் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் மேல் நடந்த ஒரு வழக்கில், சரியாக மறைக்கப்படாத சோனி ஆவணம் ஒன்றின் மூலம் இரண்டு எண்கள் தெரிய வந்தன. 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், ஏறக்குறைய 200 பேர். 'ஹொரைஸன் ஃபர்பிடன் வெஸ்ட்' 21 கோடியே 20 லட்சம் டாலர், 300 பேர், ஐந்து வருடம்.

ஐந்து வருடம் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கன்சோலின் ஆயுளே ஏழு எட்டு வருடம்தான். கன்சோல் வந்த பிறகு அதற்கென்றே ஒரு பெரிய கேமைத் தொடங்கினால், அது கையில் கிடைப்பதற்குள் அடுத்த கன்சோலைப் பற்றிய பேச்சு தொடங்கியிருக்கும். இன்ஸோம்னியாக் ஸ்டுடியோவின் 'வுல்வரின்' பி.எஸ்.5-க்கு என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. வெளியீடு 2026 என்று வைத்தார்கள். அதனால் லான்ச் சமயத்தில் காட்டப்படும் டிரெய்லரை நம்பிக் கன்சோல் வாங்குவது, பத்திரம் ஆகாத மனைக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி. இன்றைக்குக் கடையில் என்ன கேம் கிடைக்கிறதோ, அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அவ்வளவு பணத்தைப் போடுகிறவர்களுக்குப் பயமும் அதிகம் இருக்கும். ஏற்கெனவே ஓடியதின் அடுத்த பாகம், ஏற்கெனவே பிடித்த பாணி என்று போவது அதனால்தான். தப்பினால் அடியும் பெரியது. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, செப்டம்பர் 6 அன்று விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபரில் அந்த ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். வருடக்கணக்காக உழைத்தவர்களின் வேலை இரண்டு வாரத்தில் இல்லாமல் போனது. அதில் என்னைப் போல யாரோ ஒருவர் ஏதோ ஒரு பட்டனைத் தேய்த்து வைத்திருப்பார். அந்தச் செய்தி படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

சின்ன டீமுக்கு இந்தப் பயம் வேறு மாதிரி. மூன்று பேர் சேர்ந்து தோற்றால் மூன்று வீடு கஷ்டப்படும், அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்ல மேலே ஆள் இல்லை. ஹாலோ நைட்டை அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி தொடங்கியபோது மக்களிடம் திரட்டியது 57 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். நம் கணக்கில் ஒயிட்ஃபீல்டில் ஒரு ஃபிளாட் விலைகூட வராது. அதன் தொடர்ச்சி 'சில்க்ஸாங்' 2025 செப்டம்பர் 4 அன்று 20 டாலருக்கு வந்தபோது, வாங்க வந்த கூட்டத்தில் பி.சி. கேம் விற்கும் ஸ்டீம், நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லா ஆன்லைன் கடைகளும் தடுமாறின. ஜூனில்தான் ஸ்விட்ச் 2 வந்திருந்தது. அதன் முகமாக வந்த 'மரியோ கார்ட் வேர்ல்ட்' விலை 80 டாலர். அந்த வருடக் கடைசியில் ஸ்விட்ச் 2 வைத்திருந்த என் அலுவலக நண்பர்களிடம் என்ன ஆடுகிறீர்கள் என்று கேட்டேன். மரியோ கார்ட் என்று ஒருவர் சொன்னார். சில்க்ஸாங், 'ஹேடிஸ் 2' என்று நான்கு பேர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில்க்ஸாங்கை அறிவித்தது 2019-ல். ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சின்ன டீம் என்றால் சீக்கிரம் முடிப்பார்கள் என்று கிடையாது. இன்னொன்று, இண்டி என்ற பேரில் வருவதில் பெரும்பகுதி சுமார்தான். 2024-ல் மட்டும் ஸ்டீமில் வந்த கேம்கள் 18 ஆயிரத்துக்கும் மேல். அதில் நீங்கள் விளையாட வேண்டியது இருபது இருக்கலாம். புது கன்சோல் லான்ச் பட்டியலில் 'ஐம்பது கேம்' என்று போடுவார்கள். நிறைய, இரண்டு வருடம் முன்பே வேறு இடத்தில் வந்தவை. அந்த எண்ணிக்கையைக் காட்டி யாராவது பெருமை பேசினால் அது நீங்கள் சந்தேகப்படும் மூடி மறைக்கும் பேச்சுதான்.

அப்புறம் உங்கள் லேப்டாப் வாதம். இண்டி லேப்டாப்பில் ஓடும், சரி. அதே வாதம் இப்போது பெரிய கேம்களுக்கும் பொருந்தும். ஹொரைஸனின் முதல் பாகம் 2020-லேயே பி.சி.க்கு வந்துவிட்டது. 'காட் ஆஃப் வார்', 'ஸ்பைடர்மேன்' இரண்டும் 2022-ல். பி.எஸ்.5-இன் வேகமான சேமிப்பான எஸ்.எஸ்.டி. இருப்பதால்தான் முடியும் என்று சொல்லி விற்ற 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' 2023-ல். எக்ஸ்பாக்ஸ் விற்கும் மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போய் 'ஃபோர்ஸா ஹொரைஸன் 5', 'கியர்ஸ் ஆஃப் வார்' இரண்டையும் 2025-ல் பி.எஸ்.5-க்கே கொடுத்துவிட்டது. எக்ஸ்க்ளூசிவ் என்ற சொல்லுக்கு இப்போது பெரும்பாலும் 'இங்கே முதலில்' என்றுதான் பொருள். கட்டுப்பாட்டைத் தளர்த்தாமல் இருப்பது நின்டெண்டோ மட்டும். செல்டாவும் பெரிய மரியோ கேம்களும் அவர்கள் மெஷினை விட்டு வெளியே வருவதில்லை. பெரிய எக்ஸ்க்ளூசிவ்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், நேர்மையான பதில் ஸ்விட்ச் 2.

பெரிய கேம் பி.சி.க்கு வருகிறது என்றாலும் உங்கள் ஆபீஸ் லேப்டாப்பில் ஓடாது. அதை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டின் விலைக்கு ஒரு கன்சோலே வாங்கலாம். ஆபீஸ் லேப்டாப்பில் ஸ்டீம் போடாதீர்கள், தயவுசெய்து. உடன் வேலை பார்த்த ஒரு பையன் அதற்காக ஐ.டி. டீம் முன்னால் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

இனி, லேப்டாப்பில் ஓடுவதைக் கன்சோலில் ஏன் ஆட வேண்டும்? பெரிய திரை, சோபா, கையில் கன்ட்ரோலர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது புரிந்தது 'வெண்பா' விளையாடியபோது.

2023 ஜூலை 31 அன்று வந்த கேம். டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன டீம் செய்தது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பம், அம்மா பேர் வெண்பா. அவள் தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்துச் சமைக்க வேண்டும். பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் இருக்கும். விட்டுப்போன இடத்தை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். மகன் வளர வளரத் தமிழிலிருந்து விலகிப் போவது கதை. 2024-ல் இண்டி விழாவான ஐ.ஜி.எஃப்.-இன் தலைமைப் பரிசு அதற்குத்தான். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதும் வாங்கியது.

நான் கே.ஜி.எஃப். காரன், தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். மாதம் ஒரு தடவை ரயிலேறி அல்சூரில் என் வீட்டுக்கு வருவார். அன்றைக்கு நான் டிவியில் வெண்பா ஆடிக்கொண்டிருந்தேன், இட்லி சுடும் இடம். தட்டுகளை அடுக்குவதில் மாட்டிக்கொண்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிர்ந்து, "தட்டை அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு வைக்கிறியேடா, மேல் தட்டு கீழ இருக்கிற இட்லிய அமுக்கிடாதா? கொஞ்சம் திருப்பி வை" என்றார். திருப்பி வைத்தேன். இட்லி வெந்தது. கீரையை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு பிரியாணி வந்தபோது கன்ட்ரோலரையே கேட்டு வாங்கிக்கொண்டார். எது எந்தப் பட்டன் என்று நான் சொன்னேன், எது எதற்குப் பின் போட வேண்டும் என்று அவர் சொன்னார். மகன் அம்மாவிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடத்தில் அம்மா எதுவும் பேசவில்லை. நான் வீட்டில் எப்போதும் தமிழ்தான், ஆனால் என் அக்கா பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

22 கோடி டாலர் போடுகிறவர் இட்லிக் குண்டானை நடுவில் வைத்து ஒரு கேம் செய்யமாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அந்தப் பணத்தைத் திருப்பி எடுக்க உலகம் முழுவதும் விற்க வேண்டும். லேப்டாப்பில் நான் தனியாக, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடியிருந்தால் அம்மா நிமிர்ந்து பார்த்திருக்கவே மாட்டார். உங்கள் அறையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றீர்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

கன்சோல் புதிதாக இருக்கும் காலம் இண்டி செய்கிறவர்களுக்கும் முக்கியமான காலம். கடை அலமாரி காலியாக இருக்கும்போது சின்னப் பொருளும் கண்ணில் படும். 'ராக்கெட் லீக்' 2015 ஜூலையில் பி.எஸ். பிளஸ் சந்தாவில் இலவசமாக வந்தது. பி.எஸ்.4-க்கு அப்போது வயது இரண்டுகூட ஆகவில்லை. காரில் கால்பந்து ஆடும் அந்த கேம் பிடித்துக்கொண்ட வேகத்தில் அதைச் செய்த ஸியானிக்ஸ் பெரிய ஸ்டுடியோ ஆனது. நம் நாட்டிலிருந்து 'ராஜி'. புனேவில் இருக்கும் நாடிங் ஹெட்ஸ் 2017-ல் மக்களிடம் பணம் திரட்டப் பார்த்து, இலக்கை எட்டவில்லை. விடாமல் செய்து, 2020 ஆகஸ்டில் முதலில் ஸ்விட்சில் வெளியிட்டார்கள். கோட்டை, கோயில் சுவர், பொம்மலாட்டம் வழியே ஒரு பெண் தன் தம்பியைத் தேடிப் போகும் கேம். சில இடத்தில் சண்டை தடுமாறும். ஆனால் ஒரு ராஜஸ்தான் கோட்டைச் சுவரை வெளிநாட்டுக் கேமில் மூலையில் வரும் 'இந்தியா லெவல்' மாதிரி இல்லாமல், அதன் மேல் அக்கறை உள்ளவர்கள் செதுக்கிய மாதிரி அதில்தான் பார்த்தேன். ஆர்ட் செய்கிறவனாகச் சொல்கிறேன், அது பெரிய வேலை.

ரெஸோகன் செய்த ஹவுஸ்மார்க் என்ன ஆனது என்று சொல்ல மறந்துவிட்டேன். 2021 ஏப்ரலில் பி.எஸ்.5-க்கு 'ரிட்டர்னல்' செய்தார்கள். இந்தத் தடவை அவர்களுடையதே பெரிய எக்ஸ்க்ளூசிவ். இரண்டு மாதத்தில் சோனி அந்த ஸ்டுடியோவை வாங்கிவிட்டது. போன கன்சோலின் சின்ன கேம், இந்தக் கன்சோலின் பெரிய கேமுக்கு ஆள் தயார் செய்து கொடுத்தது. அதனால்தான் இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

சரி, உங்கள் ஐம்பத்தைந்தாயிரத்துக்கு வருவோம். டிஸ்க் போடும் பி.எஸ்.5 ஸ்லிம் இங்கே வந்தபோது 54,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 44,990. டிஸ்க் இருப்பதை அந்த விலைக்கு வாங்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இருந்தாலும் அதையே வாங்குங்கள் என்பேன். சோனியின் பெரிய கேம் புதிதாக வந்தால் ஏறக்குறைய ஐந்தாயிரம் ரூபாய். டிஸ்க்காக வாங்கி, முடித்து, ஒரு மாதத்துக்குள் விற்றால் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டில் நான் பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன். வாங்கும் முன் டிஸ்க்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கோடு இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். இண்டி கேமை அப்படி விற்க முடியாது, பெரும்பாலும் டவுன்லோட்தான். ஆனால் தள்ளுபடி வாரத்தில் ஒரு பிரியாணி விலைக்கு வரும். இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும். முதலில் வந்த பி.எஸ்.5-இல் கேமுக்கு மிஞ்சும் இடம் 667 ஜி.பி. மட்டுமே, பெரிய கேம் ஒன்றே நூறு ஜி.பி.யைத் தாண்டும். உங்கள் அறை வை-ஃபையில் நூறு ஜி.பி. இறங்குவதற்குள் அறை நண்பர்களோடு சண்டை வந்துவிடும். செலஸ்ட் குளித்துவிட்டு வருவதற்குள் இறங்கிவிடும்.

ஸ்விட்ச் 2 என்றால் ஒரு எச்சரிக்கை. நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. எஸ்.பி. ரோட்டில் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தது, வாரண்டி அந்தக் கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டுமே. விலை குறைவாக ஒன்று காட்டினால், அது ஜப்பானுக்கு மட்டும் என்று விற்கப்படும் மாடலா என்று கேளுங்கள். அதில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் வரும், நாடு ஜப்பான் என்று இருக்கும் நின்டெண்டோ கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும். பெட்டியைப் பிரித்து, மொழி மாற்றிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

உங்கள் கையிருப்புக்கும் மூன்று பேர் அறைக்கும் நான் பி.எஸ்.5 பக்கம்தான் சாய்கிறேன். வாங்கிய வாரம் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். 'ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்' மெஷினிலேயே இருக்கும். சோனியே செய்தது, எக்ஸ்க்ளூசிவ், ஆனால் நாலைந்து மணி நேரத்தில் முடியும் சின்ன கேம். அதில் மழை வரும் இடத்தில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள். துளி விழுவது உள்ளங்கையில் தெரியும். அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் பழைய டிஸ்க்காக ரிட்டர்னல் ஒன்று, தள்ளுபடியில் ஹாலோ நைட் ஒன்று எடுங்கள். அறை நண்பர்களில் யாருக்காவது சமைக்கத் தெரிந்தால் வெண்பாவும்.